அம்மி கொத்துன கதையும் இஞ்சின் பழகுன கதையும்

ரொம்ப நாளா ட்ராஃப்ட்ல தூங்கிட்டு இருந்த பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதனால இழுத்துட்டே போயிருச்சு. கார், இஞ்சின், ஆயில்னு தான் பூரா வரும். அதெல்லாம் நமக்கு ஆகாதுங்கறவங்க அம்மி வர்ற எடம் வரைக்குமாச்சும் படிச்சுட்டுப் போங்க. உங்க வீட்டு அமுச்சிக்குத் தெரிஞ்ச விஷயம் தான் அது.

எங்க சின்ன வயசுல புது அம்பாசிடரோ ஃபியட்டோ ரோட்டுல வந்துச்சுன்னா பின்கண்ணாடில 'ரன்னிங் இன்'னு எழுதி ஒட்டியிருக்கும். புது வண்டி, மெதுவாத்தான் போவேன், நீ ஆரன் அடிக்காம தாண்டிப் போய்க்கோன்னு அர்த்தம். இங்கிலீஷ்காரன் ஊர்ப் பழக்கம் அது. அங்கே கூடவே 'ப்ளீஸ் பாஸ்'னு மரியாதையா ஒரு வார்த்தையும் சேர்த்துப் போட்டிருப்பாங்க. புது வண்டிக்கு மட்டுமில்ல, இஞ்சின் இறக்கி, போர் போட்டு, புது பிஸ்டன் மாத்தி ஏத்துன வண்டிக்கும் இதே சட்டம். மொதல் ஆயிரம் மைலுக்கு நாப்பதைத் தாண்டாதே.

இந்தச் சட்டத்தை நம்பி நான் ஒரு இஞ்சினைக் கெடுத்தேன். அதை விட மோசமா, ஒரு பெரியவர் மனசையும் கெடுத்தேன். அந்தச் சட்டம் எங்கிருந்து வந்துச்சு, எதுக்கு வந்துச்சு, எங்கே பாதி தொலைஞ்சு போச்சுன்னு தேடிப் போனதுல கிடைச்சது தான் இந்தக் கதை.

கொசுவத்தியைப் பத்த வெச்சுக்குங்க.

எஸ்டீம் வந்த கதை

எங்க ஊர் சென்னிமலை. போர்வைக்கும் முருகனுக்கும் பேர் போன ஊர். கொடி காத்த குமரன் பொறந்த ஊர். எனக்கு ரொம்ப வருசமா ஒரு ஆசை, மாருதி எஸ்டீம் வாங்கோணும்னு. 1994ல இருந்து 2007 வரைக்கும் வந்த கார். கடைசி வருசங்கள்ல வந்ததுல 16 வால்வு, 1298 சிசி, 85 குதிரை சக்தி. ஆளோ ரொம்ப லேசு. அந்தக் காலத்து ரேலிக்காரங்களுக்குப் புடிச்ச வண்டி. 2022ல 2001 மாடல் ஒண்ணு சல்லிசா வந்துச்சு. சல்லிசா வர்றது எதுவும் சும்மா வராது இல்லீங்களா? பொக பொகன்னு நீலப் புகை. சரி, இஞ்சினை இறக்கிருவோம்னு ஒரு பட்டறைல விட்டேன். போர் போட்டு, 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், புது பேரிங், வால்வு கிரைண்டிங் எல்லாம் சேர்த்து நாப்பத்தி ரெண்டாயிரம் ஆச்சு. வீட்டம்மாகிட்ட முப்பதுன்னு தான் சொல்லியிருக்கேன். (இந்தப் பதிவை அவங்க படிக்க மாட்டாங்கன்னு நம்பறேன்.)

எங்க பெரியப்பா 1970கள்ல இருந்து சென்னிமலைல அம்பாசிடர் டாக்ஸி ஓட்டுனவரு. வண்டி வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் தொறந்து பார்த்துட்டு சொன்னாரு: "கண்ணு, ஆயிரம் மைலுக்கு நாப்பதைத் தாண்டிராத. கொழந்த மாதிரி வெச்சு ஓட்டோணும். அவசரப்பட்டீன்னா ஜாம் ஆயிப்போகும்."

அப்படியே செஞ்சேன். ஊர்ல இருந்து திருப்பூருக்கு ஊத்துக்குளி வழியா ஆபீஸ். தெனமும் போக வர அறுபது கிலோமீட்டருக்கு மேல. டிவிஎஸ் 50 காரன் எல்லாம் என்னைத் தாண்டிப் போயித் திரும்பிப் பார்ப்பான். அதோட எனக்குத் தெரிஞ்ச கெட்டிக்காரத்தனம் ஒண்ணையும் சேர்த்துக்கிட்டேன். மொதல் நாள்லயே கடைல இருக்கறதுலயே விலை ஜாஸ்தியான முழு சிந்தெடிக் ஆயிலை வாங்கி ஊத்துனேன். நல்லதைக் குடுத்தா நல்லா இருக்கும்னு ஒரு நெனப்பு.

ஒரு மாசம். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தா ஆயில் பாதியைக் காணோம். காலைல ஸ்டார்ட் பண்ணா அதே நீலப் புகை!

அந்த வாரம் ஒறம்பரை வீட்டுல ஒரு விசேஷம். எல்லாரும் உக்காந்திருக்கறப்ப கார் பேச்சு வந்துச்சு. நான் வாயை வெச்சுட்டு சும்மா இருக்காம, "பெரியப்பா பேச்சைக் கேட்டுத் தான் நாப்பத்தி ரெண்டாயிரம் போச்சு"ன்னு சொல்லிட்டேன். பத்துப் பேர் சிரிச்சாங்க. பெரியப்பா சிரிக்கல. எலைல இருந்ததை முடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அப்புறம் ரெண்டு வாரம் எங்க வீட்டுப் பக்கமே வரல.

அம்மி

கோயமுத்தூர்ல ரேஸ் கார் இஞ்சின் பதினஞ்சு வருசம் கட்டுன அண்ணன் ஒருத்தர் பழக்கமானாரு. பேரு போட வேண்டாம்னுட்டாரு. அவர்கிட்ட வண்டியைக் கொண்டு போனேன். ஹெட்டைக் கழட்டுனாரு. "உள்ள பாருங்க தம்பி"ன்னாரு. சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. நான் பெருமையா, "சூப்பரா இருக்குங்களேண்ணா"ன்னேன். மனுசன் தலைல அடிச்சுக்கிட்டாரு.

"வீட்டுல அம்மி கொத்தப் பார்த்திருக்கீங்களா?"

பார்த்திருக்கேனே. 'அம்மி கொத்தறதே, ஆட்டுக்கல்லு கொத்தறதே'ன்னு தெருவுல கூவிட்டு வருவாங்க. தேஞ்சு வழவழன்னு ஆன அம்மில மொளகா அரையாது, வழுக்கிட்டு ஓடும். அதனால உளி வெச்சுச் சின்னச் சின்னப் புள்ளியாக் கொத்தி சொரசொரப்பு ஏத்துவாங்க. கொத்துன அன்னிக்கே சட்னி அரைக்க முடியாது, கல்லு மண்ணு நரநரன்னு வரும். எங்க அமுச்சி மொதல்ல தவிட்டைப் போட்டு, கொழவியை நல்லா அழுத்தி ரெண்டு மூணு தடவை அரைச்சு, அதைத் தூக்கிக் கொட்டிட்டு, கழுவிட்டுத் தான் மொளகாயை வெப்பாங்க.

இஞ்சின்லயும் இதே தான் நடக்குது. போர் போட்டதுக்கு அப்புறம் ஹோனிங்னு ஒரு வேலை உண்டு. சாணைக்கல்லைச் சுத்திக்கிட்டே மேலயும் கீழயும் இழுத்து, சிலிண்டர் சுவத்துல குறுக்கும் நெடுக்குமா மெல்லிசாக் கீறல் போடறது. அந்தக் கீறலுக்கு ரெண்டு வேலை. பள்ளத்துல ஆயில் தங்கும். மேடு சின்ன அரம் மாதிரி நின்னு, புது ரிங்கோட முகத்தைத் தேய்க்கும், தானும் தேஞ்சு சமமாகும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தி உக்காந்த அப்புறம் தான் காத்து கசியாது, ஆயில் மேல ஏறாது. இஞ்சின் பழகறதுன்னு நாம சொல்றதுல முக்கியமானது இந்தப் பொருத்தம் தான்.

இப்பக் கேள்வி: கொழவியை நம்ம கை அழுத்துது. ரிங்கை யார் அழுத்தறது?

ரிங்குக்குன்னு சொந்தமா ஒரு ஸ்பிரிங் விசை இருக்கு. ஆனா அது கம்மி. பெட்ரோல் எரியறப்ப வர்ற வாயு, பிஸ்டன் தலைக்கு மேல மட்டும் நிக்கறதில்ல. ரிங் உக்காந்திருக்கற காடிக்குள்ள பூந்து, ரிங்குக்குப் பின்னாடி போயி, அதை வெளிய தள்ளிச் சுவத்தோட சேர்த்து அமுக்குது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிக்கறமோ அவ்வளவு அமுக்கம். பூ மாதிரி மிதிச்சா அமுக்கம் இல்ல. ரிங் அரைக்காம சும்மா வழுக்கும். சந்து வழியா வாயு கீழ கசியும், ஆயில் மேல ஏறிச் சுவத்துலயே எரியும். எரிஞ்ச ஆயில் வார்னிஷ் மாதிரி ஒரு படலமாப் படிஞ்சு ஹோனிங் பள்ளத்தை எல்லாம் மூடிரும். இதுக்குப் பேரு கிளேசிங். நான் பெருமைப்பட்ட பளபளப்பு அது தான். நானோ வழுக்கறதுல ஊருக்கே பெரிய ஆயிலை வேற ஊத்தி வெச்சிருந்தேன். கொத்துன அம்மில எண்ணெயைத் தடவி, கொழவியைச் சும்மா உருட்டி வெளையாடுன கதை.

"நாப்பதுல போயித் தான் கெட்டுச்சு"ன்னு அண்ணன் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். ஆக, பெரியப்பா சொன்னது தப்பு தான்!

அங்கேயே நிறுத்தியிருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது. நிற்க.

நாப்பது மைல் சட்டம் எங்கிருந்து வந்துச்சு?

இத்தனை வருசம் உலகம் பூரா ஒரு சட்டம் இருந்திருக்கு. கார் கம்பெனிக்காரனே புஸ்தகத்துல போட்டான். எல்லாரும் முட்டாளா? இருக்க முடியாதே. தேடித் தேடிப் படிச்சதுலயும், பட்டறைப் பெரியவங்களைக் கேட்டதுலயும் புரிஞ்சது இது.

பழைய இஞ்சின்ல ரிங் மட்டும் பழகணும்னு இல்ல, எல்லாமே பழகணும். பேரிங், க்ராங்க், பிஸ்டன் பக்கவாட்டு எதுவுமே இன்னிக்கு இருக்கற அளவு துல்லியமா வராது. மேடு பள்ளம் ஓடி ஓடித் தான் தேயணும். புதுசுல உரசல் ஜாஸ்தி, அதனால சூடு ஜாஸ்தி. அலுமினிய பிஸ்டன் சூட்டுல இரும்பு சிலிண்டரை விட வேகமா விரியும். இடைவெளி போச்சுன்னா சுவத்தைக் கவ்விப் புடிச்சுக்கும். பெரியப்பா சொன்ன 'ஜாம்' அது தான். பயமுறுத்தறதுக்குச் சொன்ன வார்த்தை இல்ல, நெசமா நடந்த விசயம். அன்னிக்கு ஆயிலும் ஒரே கிரேடு மினரல் ஆயில். இன்னிக்கு இருக்கற ஆயில் மாதிரி சூட்டுல தாக்குப் புடிக்காது. அதனால வேகத்தைக் கொற, சீக்கிரமே ஆயிலை மாத்தித் தேஞ்சு வந்த இரும்புத் தூளை வெளிய கொட்டுன்னாங்க. அந்த இரும்புக்கும் அந்த ஆயிலுக்கும் அது சரியான வைத்தியம்.

நம்ம ஊர்ப் பக்கம் இந்த வைத்தியத்துக்கு ரொம்பத் தேவை இருந்துச்சு. கோயமுத்தூர்ல 1888லயே மில் வந்தாச்சு. 1930கள்ல பைகாரா கரண்ட் வந்ததும் மில்லுங்க பெருகி, மில்லுக்குச் சாமான் செய்ய லேத்தும் வார்ப்படமும் வந்து, அப்புறம் பம்பு செட், மோட்டார்னு ஊரே பட்டறை ஆயிருச்சு. இந்தப் பக்கம் ஜி.டி. நாயுடு 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒத்தை பஸ்ஸோட ஆரம்பிச்சு யுஎம்எஸ் கம்பெனியை வளர்த்தாரு. அத்தனை பஸ் ஓடுனா அத்தனை இஞ்சினையும் இறக்கி ஏத்தித் தானே ஆகணும்? 1949ல மெட்ராஸ்ல இந்தியா பிஸ்டன்ஸ் வந்துச்சு. 1961ல ஆரம்பிச்ச பைமெட்டல் பேரிங்ஸ் கோயமுத்தூர்லயே இஞ்சின் பேரிங் செஞ்சாங்க. புது வண்டிக்கு வருசக்கணக்கா புக் பண்ணிக் காத்துக் கெடந்த காலம். இருக்கற வண்டியைத் தான் போர் போட்டுப் போர் போட்டு ஓட்டுனோம். ஒவ்வொரு தடவையும் மறுபடி ரன்னிங் இன். கொங்கு நாட்டுல ஒரு தலைமுறை டிரைவருக்கு அது மனப்பாடம் ஆனது இப்படித் தான்.

அம்பாசிடர், ஃபியட் மாதிரி தள்ளுகம்பி வெச்ச பழைய இஞ்சின்ல இன்னொரு சங்கதியும் உண்டு. கேம் ஷாஃப்டும் டாப்பெட்டும் ஒண்ணோட ஒண்ணு உரசிட்டே சுத்தும். புது கேம் போட்டா ஸ்டார்ட் பண்ண உடனே இருவது நிமிசம் ரெண்டாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல வெச்சுருக்கணும். ஐடில்ல விட்டா கேமுக்கு ஆயில் சரியாத் தெறிக்காது, மூக்கு தேஞ்சுரும். ரிங்குக்கு ஒரு வைத்தியம், கேமுக்கு ஒரு வைத்தியம், பேரிங்குக்கு ஒரு வைத்தியம். எல்லாத்தையும் ஒரே வாக்கியத்துல அடக்குனா 'மெதுவாப் போ'ன்னு தான் மிஞ்சும்.

ரேஸ்காரனுக்கு ஆயிரம் மைல் ஏது?

இந்தச் சட்டத்தை ஆரம்பத்துல இருந்தே கடைப்பிடிக்க முடியாத ஒரு கூட்டம் இருந்துச்சு. அது ரேஸ் கூட்டம்.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல ஆரம்பிச்சது. சோழவரத்துல ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு சும்மா கிடந்துச்சு. அங்கே தான் பல வருசம் ரேஸ். மெட்ராஸ்லயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஃபியட், அம்பாசிடர்னு வீட்டு வண்டியைப் பிரிச்சு மேஞ்சு கொண்டு வந்து ஓட்டுவாங்க. கோயமுத்தூர்ல இருந்தும் ஆளுங்க கிளம்பிப் போவாங்க, ஐநூறு கிலோமீட்டர். ரேஸுக்கு மொத நாள் இஞ்சின் போச்சுன்னா ராத்திரியோட ராத்திரியா இறக்கி ரிங் மாத்தி ஏத்தணும். விடிஞ்சா ரேஸ். ஆயிரம் மைல் எங்கே ஓட்டறது? காலைல ப்ராக்டீஸ்ல ஓடற நாலஞ்சு சுத்து தான் ரன்னிங் இன். சூடு ஏறட்டும்னு ஒரு சுத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மிதி, எறக்கு, மறுபடி மிதி. அந்த இஞ்சினுங்க நல்லாத் தான் ஓடுச்சு.

கோயமுத்தூர் மில் குடும்பத்துல வந்த கரிவரதன் இதுல பெரிய பேரு. வெளிநாட்டுக் காரை எதிர்பார்க்காம இங்கேயே ரேஸ் கார் கட்டலாம்னு எறங்குனவரு. 1980களின் கடைசில அவரு கொண்டு வந்தது ஃபார்முலா மாருதி. மாருதி 800ல இருக்கற அதே மூணு சிலிண்டர், 796 சிசி இஞ்சின், ஒத்தை ஆள் உக்கார்ற ரேஸ் கார்ல. வீட்டுல காய்கறி வாங்கப் போற வண்டியோட இஞ்சின் தான்! எல்லாருக்கும் ஒரே இஞ்சின்னா வித்தியாசம் எங்கே வரும்? ஓட்டறவன் கை, செட்டிங், அப்புறம் இஞ்சினை எவ்வளவு சுத்தமாக் கட்டிப் பழக்கியிருக்காங்கங்கறது. முப்பத்தி சொச்சம் குதிரை தான் மொத்தமே. அதுல ரெண்டு குதிரை ரிங் சந்துல கசிஞ்சா ரேஸ் போச்சு. இந்த மாதிரி சின்ன இஞ்சின்ல தான் ரிங் உக்கார்றதோட அருமை தெரியும்.

1990ல இருங்காட்டுக்கோட்டைல சரியான ட்ராக் வந்துச்சு. நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 1990களின் துவக்கத்துல ஆரம்பிச்சது அங்கே, அந்த ஃபார்முலா மாருதில தான். கரிவரதன் 1995ல ஒரு விமான விபத்துல போயிட்டாரு. நரேன் ஃபார்முலா ஒன் ஓட்டுனதை அவரு பார்க்கல. செட்டிபாளையத்துல இருக்கற ட்ராக்குக்கு அவர் பேரைத் தான் வெச்சிருக்காங்க, கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர். எங்க அண்ணன் மாதிரி ஆளுங்களுக்குக் காலேஜ் அந்தச் சுத்து வட்டாரம் தான்.

2005 மார்ச்சுல மெல்போர்ன்ல ஜோர்டான் டீம் காரை எடுத்துட்டு நரேன் எறங்குனாரு. பின்னாடி இருந்தது டொயோட்டா வி10. அந்த வருசம் ஒரு புது விதி: ஒரே இஞ்சின் ரெண்டு ரேஸ் வாரத்துக்குத் தாங்கணும், நடுவுல மாத்துனா பத்து இடம் பின்னாடி நிக்கணும். ப்ராக்டீஸ், ரேஸ் எல்லாம் சேர்த்தா ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல வரும். பெரியப்பா கணக்கு ஆயிரம் மைல், அதாவது ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர். எங்க பெரியப்பா ரன்னிங் இன்னே முடிச்சிருக்க மாட்டாரு, அந்த இஞ்சினோட ஆயுசே முடிஞ்சிருக்கும் :-) அதை எல்லாம் கார்ல ஏத்தறதுக்கு முன்னாடியே டைனோ மேடைல வெச்சு, அளந்து அளந்து பாரம் குடுத்துப் பழக்கிருவாங்க.

வானத்துலயும் இதே கதை தான். லைக்கமிங் மாதிரி சின்ன விமான இஞ்சின்காரங்க, சிலிண்டர் புதுசாப் போட்டா என்ன சொல்றாங்க தெரியுமா? சாதா மினரல் ஆயில் ஊத்து, தரைல ரொம்ப நேரம் சும்மா ஓட விடாதே, மேல போனதும் முக்கால் பங்கு பவர்ல வெச்சு ஓட்டு, ஆயில் குடிக்கறது ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும். பூ மாதிரி ஓட்டுனா கிளேசிங் வரும்னு நேராவே எச்சரிக்கறாங்க. ஆகாசத்துல போற வண்டிக்கே இது தான் பாதுகாப்புன்னா, ஊத்துக்குளி ரோட்டுல நான் எதுக்குப் பயந்தேன்?

இதுக்கு நடுவுல இரும்பும் மாறிருச்சு. 1970, 80கள்ல ப்ளாட்டோ ஹோனிங் பரவலாச்சு. கீறல் போட்டுட்டு, அதோட கூர் முனையை மட்டும் ஃபேக்டரிலயே தேய்ச்சு விட்டுருவாங்க. தவிடு போட்டு அரைக்கற வேலையைக் கல் கொத்தறவரே செஞ்சு குடுத்த மாதிரி. ரிங்லயும் மாலிப்டினம் பூச்சு வந்து, பழைய கெட்டி குரோம் ரிங்கை விட வெரசா உக்கார ஆரம்பிச்சுது. மொதல் அம்பது, நூறு கிலோமீட்டர்லயே பெரும்பாலான வேலை முடிஞ்சுரும். அந்த நேரத்தைத் தவற விட்டா, அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் உக்காராது.

ரெண்டாவது தடவை

அண்ணன் மறுபடி ஹோனிங் போட்டு, புது ரிங் மாட்டுனாரு. செலவு இன்னொரு பதினோராயிரம். (இது வீட்டுக்குத் தெரியவே தெரியாது.) இந்தத் தடவை சாதா மினரல் ஆயில். பிளக்கைக் கழட்டி வெச்சு, ஸ்டார்ட்டரை மட்டும் சுத்த விட்டு, ஆயில் பிரஷர் ஏறுனதுக்கு அப்புறம் தான் ஸ்டார்ட். ஐடில்ல விடாம, லீக் இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு நேரா ரோட்டுக்கு.

விடிகாலைல பெருந்துறை தாண்டி பைபாஸ், விஜயமங்கலம் பக்கம். இஞ்சின் நல்லா சூடாகட்டும்னு பத்து கிலோமீட்டர் சாதாரணமா. அப்புறம் மூணாவது கியர்ல ரெண்டாயிரம் ஆர்பிஎம்ல இருந்து, பாதி ஆக்ஸிலேட்டர்ல நாலாயிரம் வரைக்கும் இழுத்துட்டு, காலை முழுசா எடுத்துரு. கியரை மாத்தாதே, பிரேக் மிதிக்காதே. வண்டி தானா ரெண்டாயிரத்துக்கு எறங்கட்டும். காலை எடுத்தா சிலிண்டருக்குள்ள ஒரு உறிஞ்சல் வரும். அது ஆயிலைக் கொஞ்சம் மேல இழுத்து, தேஞ்சு விழுந்த தூளைக் கழுவி, சூட்டையும் தணிக்கும். இப்படி ஒரு பத்து தடவை. அடுத்த பத்து முக்கால் ஆக்ஸிலேட்டர்ல. நாப்பது கிலோமீட்டர்ல திரும்பி வந்து ஆயிலும் ஃபில்டரும் மாத்தியாச்சு. வடிச்ச ஆயிலை வெயில்ல காட்டுனா மினுமினுன்னு பொடி, மாரியம்மன் கோயில் ஜிகினா மாதிரி. தவிடு அரைச்சுக் கொட்டுனாச்சு.

ஒண்ணு கவனிக்கணும். மிதின்னா வெரட்டுன்னு அர்த்தமில்ல. வேகம் வேற, பாரம் வேற. நான் நூறைத் தாண்டவே இல்ல. ஒரே வேகத்துல நூறு கிலோமீட்டர் ஓட்டறதும் கெடுதல், சிவப்புக் கோடு வரைக்கும் மொதல் நாளே சுத்த விடறதும் கெடுதல். அப்புறம், ஷோரூம்ல புதுக் கார் எடுக்கறவங்க இதைப் படிச்சுட்டு எறங்கிறாதீங்க. உங்க வண்டிப் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ அதைச் செய்யுங்க. இது போர் போட்டு ஹோனிங் பண்ணுன இஞ்சினோட கதை.

ஐநூறு கிலோமீட்டர்ல டிப் ஸ்டிக்கை இழுத்தேன். ஆயில் வெச்ச எடத்துல அப்படியே நிக்குது. புகை இல்ல.

பெரியப்பா

மறு நாள் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். திண்ணைல உக்காந்திருந்தாரு. "தப்பாப் பேசிட்டேனுங் பெரியப்பா"ன்னேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, உக்காரு"ன்னாரு. மூஞ்சி மட்டும் ரோட்டைப் பார்த்துட்டு இருந்துச்சு.

படிச்சதெல்லாம் சொன்னேன். அம்மி, ஹோனிங், ரிங்குக்குப் பின்னாடி போற வாயு, சோழவரம், ஏரோப்ளேன், எல்லாம். உங்க காலத்து இஞ்சினுக்கு நீங்க சொன்னது சரி, என் இஞ்சினுக்குத் தான் பொருந்தல, காலம் மாறிருச்சுன்னு பெரிய மனுசன் மாதிரி முடிச்சேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டாரு.

"கண்ணு, அந்த ஒரு மாசமும் நீ கார்ல எத்தனை பேர் போன?"

"நான் மட்டுந்தானுங்."

"நான் என்னிக்கிடா தனியாப் போனேன்?"

எனக்குச் சட்டுனு புரியல. அவரே சொன்னாரு. போர் போட்டு ஏத்துன மறு நாளே வண்டி வாடகைக்குப் போயிரும். வீட்டுல நிறுத்தி வெச்சாச் சோறு யார் போடறது? உள்ள எட்டுப் பேரு, கேரியர்ல போர்வை மூட்டை. சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் மலைல இருவத்தேழு கொண்டை ஊசி வளைவு ஏறி மைசூர். "ரெண்டாவது கியர்ல முக்கிட்டு ஏறும். நாப்பதுன்னு உனக்குச் சொன்னேனே, எனக்கு அந்த வண்டில நாப்பது போறதே பெரும்பாடு. எறக்கத்துல காலை எடுத்துட்டுக் கியர்லயே வருவேன்."

அப்படியே உக்காந்திருந்தேன். ஒரு டன்னுக்கு மேல எடை, அம்பது குதிரை, எட்டுப் பேரு, மூட்டை, மலை. ரிங்குக்குப் பின்னாடி அமுக்கம் வேணும்னா இதுக்கு மேல என்ன வேணும்? ஏத்தத்துல பாரம், எறக்கத்துல காலை எடுத்து விடறது. விஜயமங்கலத்துல அண்ணன் என்னைச் செய்யச் சொன்ன அதே வேலை. அவருக்கு நாப்பதுங்கறது இஞ்சின் மூச்சு வாங்கற வேகம். லேசான காரு, 85 குதிரை, சம தரை, தனி ஆளு, எனக்கு நாப்பதுங்கறது இஞ்சின் தூங்கற வேகம். பாரத்தைப் பத்தி அவரு ஒரு வார்த்தை சொல்லல. பாரம் இல்லாம வண்டி போகும்னு அவருக்குத் தோணவே இல்ல, எதுக்குச் சொல்லப் போறாரு?

சட்டம் காலாவதி ஆயிருச்சுன்னு சொல்லிட்டு இருந்தேன் பாருங்க. என்கிட்ட வந்து சேர்ந்ததே பாதிச் சட்டம் தான். ஸ்பீடாமீட்டர்ல தெரியற பாதி.

அந்த ஞாயித்துக்கெழமை பெரியப்பா, பெரியம்மா, எங்க வீட்டுல மூணு பேருன்னு எஸ்டீம்ல ஏத்திக்கிட்டுச் சென்னிமலை மேல போனோம். கீழ படிக்கட்டுல போனா 1320 படி, கார் ரோடும் நல்ல ஏத்தம் தான். பெரியப்பா முன்னாடி உக்காந்துட்டு, கண்ணை மூடி இஞ்சின் சத்தத்தைக் கேட்டுட்டே வந்தாரு. ரெண்டாவது வளைவுல, "மிதி கண்ணு, பயப்படாத"ன்னாரு.

மேல போயி நிறுத்துனதும் எறங்கிப் பின்னாடி போயி, சைலன்ஸர் வாய்ல வெரலை விட்டுத் தடவிப் பார்த்தாரு. வெரல்ல ஆயில் பிசுக்கு இல்ல, காஞ்ச கரி தான். வேட்டில தொடைச்சுக்கிட்டாரு. பெரியம்மா தான் திட்டுனாங்க, வெள்ளை வேட்டிங்கறதால.

டிஸ்கி: உங்க வீட்டுப் பெரியவங்க சொன்ன வண்டி வைத்தியம் ஏதாவது இருந்தா எழுதுங்க மக்களே. சொன்னதை மட்டும் எழுதாதீங்க, அவங்க எந்த வண்டில, எத்தனை பேரை ஏத்திட்டு, எந்த ரோட்டுல போனாங்கன்னும் கேட்டு எழுதுங்க.